மாற்றுக் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்: வெந்நீரில் அளந்து, வண்டியில் ஓட்டி எழுதிய மதிப்பீடு

இரண்டு முனை கொண்ட, பித்தளை உடலும் எம்12 மரையும் உடைய மாற்றுக் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பநிலையை அளப்பது) ஒன்றை வாங்கி, வண்டியில் பொருத்துவதற்கு முன்பு மேசையில் வைத்து அளந்து, பொருத்திய பிறகு குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் ஓட்டிப் பார்த்து இதை எழுதுகிறேன். உள்ளே வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர் நன்றாக இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தலையிலும், பெட்டியில் உடன் வந்த வாஷரிலும் குறை இருக்கிறது. அந்தக் குறைகளைச் சரிசெய்துகொள்ளத் தெரிந்தவர் தாராளமாக வாங்கலாம், தெரியாதவர் வண்டி நிறுவனத்தின் அசல் உதிரியையே கேட்டு வாங்குவது நல்லது என்பதே என் முடிவு. தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இந்த வகை உதிரிகள் வெவ்வேறு பெயர் அச்சிட்ட பெட்டிகளில் வருவதால், பெட்டியின் மேலுள்ள பெயரைக் காட்டிலும் உள்ளே இருக்கும் பொருளைச் சோதிக்கும் வழிதான் வாசிப்பவருக்குப் பயன்படும்.

சென்சாரைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதன் நுனியில் இருக்கும் தெர்மிஸ்டரின் மின்தடை, வெப்பம் ஏற ஏறக் குறையும். இஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியூ, தன்னுள்ளே இருக்கும் ஒரு நிலையான தடை வழியாக 5 வோல்ட் அழுத்தத்தை அனுப்பி, சென்சாரின் முனையில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்பதைப் பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. பரவலாகப் புழங்கும் போஷ் வகைச் சென்சாரில் 0 டிகிரி செல்சியஸில் சுமார் 5,900 ஓம், 20 டிகிரியில் 2,500 ஓம், 40 டிகிரியில் 1,175 ஓம், 80 டிகிரியில் 323 ஓம், 100 டிகிரியில் 186 ஓம் என்று தடை இறங்குகிறது. இந்த எண்களில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 20 டிகிரிப் பக்கத்தில் ஒரு டிகிரி மாற்றத்துக்கு நூறு ஓமுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. 100 டிகிரிப் பக்கத்தில் ஒரு டிகிரிக்கு ஐந்து ஓம்தான். ஆகவே எங்கிருந்தோ ஒட்டிக்கொள்ளும் சில பத்து ஓம் தடை, குளிர்ந்த இஞ்சினில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். சூடான இஞ்சினில் பெரிய பொய்யாக மாறிவிடும்.

என் வண்டியில் நடந்தது இதுதான். காலையில் முதல் சாவித் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் ஓடிச் சூடான வண்டியைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால், ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றிய பிறகே உயிர் வந்தது. கூடவே புகைக்குழாயிலிருந்து பெட்ரோல் வாடை. சூடான பிறகும் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும்) வேகம் வழக்கத்தைவிட உயர்ந்தே நின்றது, எரிபொருள் செலவும் கூடியது. எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது இசியூவின் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு இருந்தது. கூலன்ட் உரிய காலத்துக்குள் தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) திறக்க வேண்டிய வெப்பநிலையை எட்டவில்லை என்பது அதன் பொருள். முதலில் பார்த்த பணிமனையில் குறியீட்டைப் படித்த உடனே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் புதியது போட்டார்கள். சில நாள் கழித்து அதே குறியீடு திரும்பி வந்தது. அவர்கள் செய்தது வழக்கமான முடிவுதான், ஏனெனில் பி0128 வந்தால் பெரும்பாலும் குற்றவாளி தெர்மோஸ்டாட்டே. ஆனால் அந்தக் குறியீடு சென்சார் சொல்வதை நம்பி எழுதப்படுகிறது என்பதையும், சென்சாரின் சொல்லையே ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதையும் அங்கே யாரும் யோசிக்கவில்லை.

சென்சாரைச் சரிபார்க்கப் பலரும் சொல்லும் வழி, இரவு முழுவதும் நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஸ்கேனரில் அருகருகே பார்ப்பது. இரண்டும் சில டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். என் வண்டி அந்தச் சோதனையில் தேறிவிட்டது. அங்கேதான் சிக்கலே. சென்சாருக்குள் முனைக்கும் தெர்மிஸ்டருக்கும் இடையிலான இணைப்பு அரித்துப்போய் 150 ஓம் கூடுதல் தடை சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் 2,500 ஓமுக்குப் பதில் 2,650 ஓம் என்று இசியூ காணும், அதை 18.5 டிகிரி என்று படிக்கும். ஒன்றரை டிகிரி வித்தியாசத்தை எவரும் பிழையாக எண்ணமாட்டார்கள். அதே கூடுதல் தடை 90 டிகிரியில் 243 ஓமை 393 ஓம் ஆக்கும். இசியூ அதை 73 அல்லது 74 டிகிரி என்று படிக்கும். இஞ்சின் முழுதும் சூடேறிவிட்டது, ஆனால் இசியூவைப் பொறுத்தவரை இன்னும் சூடேறிக்கொண்டே இருக்கிறது. எனவே அது கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது, ஐடிலிங்கை உயர்த்தி வைக்கிறது, கடைசியில் தெர்மோஸ்டாட் மீது பழி போடுகிறது. ஓடும்போது, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அந்தக் கூடுதல் எரிபொருளை ஓரளவு இழுத்துப் பிடித்துவிடும்; ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்தம் (இசியூ எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் விழுக்காடு) கழித்தல் பக்கம் சாய்ந்து கிடந்தது அதற்குச் சாட்சி. ஆக்ஸிஜன் சென்சார் இன்னும் வேலைக்கு வராத ஸ்டார்ட்டிங் நேரத்தில் இழுத்துப் பிடிக்க ஆளில்லை. சூடான இஞ்சின் பெட்ரோலில் முழுகித் திணறியதும் அதனால்தான்.

எரிபொருள் செலவாவது பணத்தோடு போகும். விசிறியின் நிலைதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. ரேடியேட்டர் விசிறியை 97 டிகிரிப் பக்கத்தில் ஓடவிடும்படி இசியூ அமைக்கப்பட்டிருந்தால், அது எதிர்பார்ப்பது ஏறத்தாழ 200 ஓம். அதில் 150 ஓம் அரிப்பின் பங்காகப் போய்விட்டால், தெர்மிஸ்டர் தனியாக 50 ஓமுக்கு இறங்கியாக வேண்டும். அது 130 டிகிரியையும் நன்றாகத் தாண்டிய வெப்பநிலை. அதற்கு முன்பே கூலன்ட் கொதித்து மூடி வழியாக வெளியேறிவிடும். அதாவது விசிறி ஓடவே ஓடாது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று காப்பாற்றும். ஏசி போட்டிருந்தால் விசிறி அதற்காகவே ஓடுவதால் குறை மறைந்துவிடும். ஏசி இல்லாமல் நெரிசலில் நிற்கும்போதுதான் உண்மை வெளிவரும். அப்போதும் டாஷ்போர்டு முள் அமைதியாக நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கும். பல வண்டிகளில் அந்த முள்ளை நகர்த்துவதும் இதே சென்சார்தான் என்பதே காரணம். பழைய வண்டிகள் பலவற்றில் முள்ளுக்கென்று தனிச் சென்சார் உண்டு, அவற்றில் இந்த ஏமாற்று நடக்காது. இந்த விதத்தில் பார்த்தால் முழுதும் அறுந்துபோன சென்சார் மேல். கம்பி அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும், ஸ்கேனர் கழித்தல் 40 டிகிரி காட்டும், பி0118 குறியீட்டோடு விளக்கு எரியும், பெரும்பாலான இசியூக்கள் பாதுகாப்புக்காக விசிறியைத் தொடர்ந்து ஓடவிட்டுவிடும். அரைகுறையாகச் செத்த சென்சார் இப்படி எந்தக் கூச்சலும் போடாது.

குறை சென்சாரில்தானா, கம்பியிலா என்பதை உறுதிசெய்ய நான் நம்பும் சோதனை எளிமையானது. மின்னணுக் கடைகளில் கிடைக்கும் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சென்சாருக்குப் பதிலாகக் கனெக்டரில் இணைத்து, சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். போஷ் வகை வண்டியில் 79 அல்லது 80 டிகிரி வர வேண்டும். 2,200 ஓம் ரெசிஸ்டருக்கு 23 டிகிரிப் பக்கம் வர வேண்டும். இரண்டும் வந்தால் கம்பியும் இசியூவும் சரி. குறையைச் சென்சாரிலோ, அதன் முனை கனெக்டரைத் தொடும் இடத்திலோ தேட வேண்டும். ரெசிஸ்டரின் காலை நேராகக் கனெக்டருக்குள் குத்தாமல், சரியான அளவுள்ள முனையை அதில் பற்றவைத்துச் செருக வேண்டும். தடித்த கம்பியைத் திணித்தால் உள்ளிருக்கும் சிறு பித்தளைக் கவ்வி விரிந்துவிடும், பிறகு நல்ல சென்சாரும் பொய் சொல்லத் தொடங்கும். உண்மையான வெப்பநிலையை அறிய அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்துவோர், பளபளக்கும் அலுமினியத்தைக் குறிவைத்தால் குறைவான எண்தான் கிடைக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கறுப்பு ரப்பர் குழாயிலோ, உலோகத்தின் மேல் ஒட்டிய கறுப்பு டேப்பிலோ குறிவைத்தால் நம்பகமான எண் கிடைக்கும். என் வண்டியில் ரெசிஸ்டர் சோதனை இரண்டும் சரியாக வந்தன, ரேடியேட்டரின் சூடான மேற்குழாய்க்கும் ஸ்கேனருக்கும் மட்டும் பெரிய இடைவெளி இருந்தது.

இனி வாங்கிய பொருள். பெட்டிக்குள் சென்சார், ஒரு செம்பு வாஷர், நான்கு மொழிகளில் அச்சிட்ட ஒரு பொதுவான எச்சரிக்கைச் சீட்டு, அவ்வளவுதான். எந்த வெப்பநிலையில் எத்தனை ஓம் என்ற அட்டவணை எங்கும் இல்லை. ஒரு தெர்மிஸ்டரை விற்பவர் அந்த ஐந்தாறு எண்களை அச்சிடாமல் விடுவதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன், ஏனெனில் அந்த எண்கள்தான் பொருள். பித்தளை உடலின் கடைசல் சுத்தமாக இருந்தது. மரையில் பிசிறு இல்லை, விரலால் திருகியபோதே வழுக்கிக்கொண்டு இறங்கியது. 19 மில்லிமீட்டர் அறுகோணத் தலை சாக்கெட்டில் ஆடாமல் உட்கார்ந்தது.

பழைய சென்சாரையும் புதியதையும் ஒன்றாகக் கட்டி, நுனிகள் மட்டும் மூழ்குமாறு தண்ணீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரால் மாற்றி மாற்றி அளந்தேன். நன்றாக உடைத்த பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த கிண்ணம் 0 டிகிரிக்கு எளிய அளவுகோல். மேல் முனைக்குக் கொதிநீர் உண்டு, ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும் என்பதால், நல்ல வெப்பமானி ஒன்றும் உடன் இருக்க வேண்டும். புதிய சென்சார் பனி நீரில் 5,800 ஓமைத் தாண்டியும், அறை வெப்பநிலையில் அட்டவணைக்கு இரண்டு விழுக்காட்டுக்குள்ளும், 80 டிகிரியில் 327 ஓமும் காட்டியது. கொதிக்கும் நீரில் அட்டவணையிலிருந்து அது விலகியது ஒரு டிகிரிக்கும் குறைவு. பழையது அறை வெப்பநிலையில் புதியதோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. கொதிநீரில் 340 ஓமுக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. அதன் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து அளந்தபோதும் எண் மாறவில்லை. பிளாஸ்டிக் தலையை இரு விரல்களால் அழுத்தித் திருப்பியபோது மட்டும் தடை தாவிக் குதித்தது. உள் இணைப்பு போய்விட்டது என்பதற்கு அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. திடீர் வெப்ப மாற்றத்துக்கு எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டுகிறது என்று குளிர்நீரிலிருந்து வெந்நீருக்கு மாற்றியும் பார்த்தேன்; புதியது பழையதைவிடத் தாமதிக்கவில்லை.

வாங்குவோர் ஏமாறக்கூடிய இன்னொரு இடம் வகைப் பொருத்தம். மரையும் கனெக்டரும் ஒத்துப்போனால் சென்சாரும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வகை 20 டிகிரியில் சுமார் 3,500 ஓமும், 100 டிகிரியில் 177 ஓமும் காட்டும். அந்த வளைகோட்டைப் பின்பற்றும் சென்சாரைப் போஷ் அளவை எதிர்பார்க்கும் இசியூவில் மாட்டினால், 20 டிகிரி இஞ்சினை அது 12 டிகிரி என்று படிக்கும். முழுச் சூட்டில் இரண்டு டிகிரிகூடப் பிசகாது. அரித்துப்போன சென்சார் சூட்டில்தான் பொய் சொல்லும் என்றால், தவறான வகைச் சென்சார் குளிரில்தான் பொய் சொல்லும். எந்தப் பக்கம் எண் விலகுகிறது என்பதை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். நான் வாங்கியது சரியான வகை. விற்பனைப் பக்கத்தில் இருந்த பொருத்தப் பட்டியலும் என் வண்டியைப் பொறுத்தவரை பிழையின்றி இருந்தது. ஆயினும் வண்டியின் உதிரி எண்ணைப் பார்த்து வாங்குவதும், பெட்டி வந்ததும் அறை வெப்பநிலையில் ஒருமுறை அளந்து பார்ப்பதும் இரண்டு நிமிட வேலைதான்.

குறைகளுக்கு வருகிறேன். உடன் வந்த செம்பு வாஷரைக் கண்ணாடிப் பலகையில் வைத்தபோது ஒரு பக்கம் எழும்பி ஆடியது. அச்சில் வெட்டியபோது உருவான பிசிறு ஓரம் முழுக்க நின்றிருந்தது, நகத்தால் வருடினாலே தட்டுப்பட்டது. அதை அப்படியே போட்டு இறுக்கினால் கூலன்ட் கசியும். கசிவை நிறுத்த மேலும் இறுக்கினால் அலுமினிய மரை உருவும். ஆகவே அதை ஒதுக்கிவிட்டு அசல் வாஷரைத் தனியாக வாங்கிப் போட்டேன். இரண்டாவது குறை இதைவிட முக்கியம். கனெக்டரின் பூட்டு கொக்கி மாட்டும் பிளாஸ்டிக் முகடு, பழைய சென்சாரில் இருந்ததைவிடத் தாழ்ந்திருக்கிறது. செருகும்போது ‘டிக்’ என்ற ஒலி வருகிறது, பூட்டும் விழுகிறது, ஆனால் பிடித்து அசைத்தால் மெல்லிய ஆட்டம் தெரிகிறது. இஞ்சின் ஓடும்போது கனெக்டரை அசைத்துக்கொண்டே ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார்த்தேன்; எண் தாவவில்லை. இருந்தாலும் சில ஓம் தடைக்கே இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் ஓர் இடத்தில் ஆட்டம் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கனெக்டருக்குப் பின்னே இருக்கும் கம்பிக் கற்றையை அருகிலுள்ள பிடிமானத்தோடு கட்டி, அதன் எடையும் அதிர்வும் முனைகளுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

பொருத்தும் வேலையில் கடினம் எதுவும் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். இஞ்சின் முழுதும் ஆறிய பிறகே தொட வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு ஒருமுறை மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுவித்துவிட்டு, மறுபடி இறுக மூடிக்கொண்டால், சென்சாரைக் கழற்றும்போது உள்ளிருக்கும் கூலன்ட் கொட்டாமல் ஓரளவு நிற்கும். பழையதை எடுத்த கணமே துளையை விரலால் அடைத்துப் புதியதைத் திருகியதில் ஒரு சிறு கிண்ணம் அளவுதான் சிந்தியது. சிந்தியதை உடனே துடைத்து அப்புறப்படுத்த வேண்டும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய்களும் பூனைகளும் நக்கும், அது அவற்றுக்கு நஞ்சு. இறுக்கும் விசையை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அளவுச் சென்சாருக்கு அது பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர் அல்லது அதற்கும் கீழேதான். மரையில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் இங்கே வேண்டாம். வாஷரால் அடைக்கும் சென்சாருக்கு அது தேவையில்லை. உடல் வழியாகவே மண்ணிணைப்பு எடுக்கும் ஒற்றை முனைச் சென்சார்களிலோ அது மின்பாதையையே கெடுத்துவிடும். குறைந்த கூலன்டை அதே வகையால் நிரப்பி, காற்றை முழுதும் வெளியேற்றிய பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும், ஏனெனில் காற்றுக் குமிழிக்குள் நிற்கும் நுனி கூலன்டின் வெப்பத்தை அளக்காது.

பொருத்திய பிறகு கிடைத்த பலன் தெளிவானது. சூடேறிய இஞ்சினில் ஸ்கேனர் எண்ணும் மேற்குழாயில் கட்டிய கறுப்பு டேப்பின் எண்ணும் இரண்டு மூன்று டிகிரிக்குள் வந்துவிட்டன. ஏசியை அணைத்துவிட்டு நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டபோது, 97 டிகிரியில் விசிறி ஓடத் தொடங்கி, வெப்பம் இறங்கியதும் நின்றது. சூடான ஸ்டார்ட்டிங் தொல்லை அன்றே தீர்ந்தது, எரிபொருள் திருத்தம் மெல்ல மெல்லச் சுழியத்தை நோக்கி வந்தது, அழித்த பி0128 திரும்பவில்லை. தேவையில்லாமல் மாற்றிய தெர்மோஸ்டாட்டும் இப்போது ஒழுங்காகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அது வேறு கதை.

விலை அசல் உதிரியில் பாதிக்கும் கீழே. அளவின் துல்லியத்தைப் பொறுத்தவரை அசலுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. மல்டிமீட்டரும் ஸ்கேனரும் கையில் உள்ளவர், வாஷரைத் தனியே வாங்கிக்கொள்ளத் தயங்காதவர், கனெக்டரை எளிதில் எட்டக்கூடிய இடத்தில் சென்சார் இருக்கும் வண்டி வைத்திருப்பவர் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைப்பேன். இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் சென்சாரைத் தொட முடியும் என்ற அமைப்புள்ள வண்டிக்குப் பரிந்துரைக்கமாட்டேன். பூட்டு முகட்டின் அந்தச் சிறு ஆட்டத்துக்காக அவ்வளவு பெரிய வேலையை இன்னொரு முறை செய்ய நேர்ந்தால், விலையில் மிச்சம் பிடித்த பணம் கூலியிலேயே போய்விடும்.